ஜோசியக்கார டாக்டரும் ஒரு தாழ்ப்பாளும்

நரம்பியல் டாக்டரம்மாவிடம் யாரும் கேட்கக் கூடாத கேள்வி ஒன்று உண்டு. "உங்க வீட்டுல யாருக்காவது வலிப்பு இருக்கா டாக்டர்? அதனாலதான் இந்தப் படிப்பை எடுத்தீங்களா?" கேட்டவர் பத்திரிகைக்காரரோ பக்கத்து வீட்டுக்காரரோ, அன்றைக்கு அவர் பாடு திண்டாட்டம்தான். "பல் டாக்டருக்கெல்லாம் சொத்தைப் பல்லா இருக்கு? எங்க வீட்டுல யாருக்கும் ஒண்ணுமில்ல. அடுத்தவங்களுக்குன்னா அக்கறை வரக் கூடாதா என்ன?" என்று ஒரு பிடி பிடித்துவிடுவார். மூக்குக்கு மேல் கோபம் வருகிற ஆள். அந்தக் கோபம் மட்டும் இல்லாவிட்டால் இந்தக் கதையே இல்லை.

அவரை இந்தத் துறைக்கு இழுத்து வந்ததும் ஒரு கோபம்தான். படிப்பை முடித்து, பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் புறநோயாளிப் பிரிவில், மூத்த டாக்டர் ஒருவருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து தொழில் பழகிக்கொண்டிருந்த காலம். வலிப்பு வந்து நாக்கைக் கடித்துக்கொண்டவர்கள், சைக்கிளோடு சாய்ந்து பல்லை உடைத்துக்கொண்டவர்கள், அடுப்பு மேல் விழுந்து கை வெந்தவர்கள் என்று வரிசை வாசலைத் தாண்டி நிற்கும். எழுந்து போகும்போது எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி. "அடுத்தது எப்ப வரும் டாக்டர்?" மூத்த டாக்டர் மருந்துச் சீட்டிலிருந்து தலையைத் தூக்காமலே, "அது சொல்ல முடியாதும்மா" என்பார். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் நம் டாக்டரம்மா பொறுக்க மாட்டாமல் கேட்டேவிட்டார்.

"சொல்ல முடியாதுன்னு சொல்றதுக்கு எதுக்கு சார் நமக்கு இவ்வளவு படிப்பு? அதை வாட்ச்மேனே சொல்லிடுவாரே!"

மூத்த டாக்டருக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. "நீ வேணா கண்டுபிடிச்சுச் சொல்லேன் பாப்போம்" என்றார். அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். இவர் அதை அப்படியே பிடித்துக்கொண்டார்.

மேல்படிப்பு முடித்து அதே ஆஸ்பத்திரிக்கு நரம்பியல் டாக்டராகத் திரும்பி வந்தார். அதற்கப்புறம் அவர் வாழ்க்கை முழுக்கக் கோடுகள்தான். நோயாளியின் தலையில் பசை தடவி வயர் வயராக ஒட்டினால், மூளைக்குள் ஓடுகிற மின்சாரம் திரையில் கோடு கோடாக வரும். விழித்திருந்தால் ஒரு மாதிரி, தூங்கினால் ஒரு மாதிரி, வலிப்பு வந்தால் குழந்தை கையில் பேனா கிடைத்த மாதிரி. வயர் ஒட்டுகிற டெக்னீஷியனை வார்டில் எல்லோரும் வயர் அண்ணன் என்பார்கள். வாயைத் திறந்தால் மூடத் தெரியாத மனுஷர். அவர் ஒட்ட, இவர் படிக்க, இருவருக்கும் தலை ஒன்றாகவே நரைத்தது. வலிப்பு கிளம்புவதற்கு முன்னால் கோட்டில் எங்கேயாவது ஒரு ஜாடை தெரிகிறதா என்பதுதான் டாக்டரம்மாவின் தேடல். வருவதை முன்கூட்டியே சொல்லப் பார்க்கிறவர் என்பதால் மற்ற டாக்டர்கள் அவருக்கு ஜோசியக்கார டாக்டர் என்று பேர் வைத்துவிட்டார்கள். காபி குடிக்கிற இடத்தில் கையை நீட்டி, "எனக்குப் பதவி உயர்வு எப்பன்னு பாத்துச் சொல்லுங்க" என்பார்கள். "உங்களுக்கு அந்த ரேகையே இல்ல, போய் வேலையைப் பாருங்க" என்பார் இவர்.

அவருடைய வார்டு ஒரு விசித்திரமான வார்டு. மற்ற இடத்திலெல்லாம் நோய் போக வேண்டும் என்று காத்திருப்பார்கள், இங்கே நோய் வர வேண்டும் என்று காத்திருப்பார்கள். மருந்துக்கு அடங்காத வலிப்புக்காரர்களைச் சேர்த்து, தலை முழுக்க வயர் ஒட்டித் துணி சுற்றி, கட்டிலின் கம்பிகளுக்கெல்லாம் மெத்தை கட்டி, மேலே கேமராவை வைத்து, வலிப்பு எந்த இடத்திலிருந்து கிளம்புகிறது என்று பார்ப்பார்கள். மாத்திரை போட்டுக்கொண்டிருந்தால் வலிப்பு லேசில் தலைகாட்டாது. அதனால் முதல் நாள் முழு மாத்திரை, அடுத்த நாளிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பு. அது அந்த வார்டின் அன்றாட வழக்கம். வலிப்பு வந்து, கோடு சுத்தமாகப் பதிவாகிவிட்டால் நர்ஸ் முதல் டாக்டர் வரை முகம் மலர்ந்துவிடும். பார்க்க வந்த சொந்தக்காரர்கள் இது என்னடா கூத்து என்று விழிப்பார்கள்.

அந்த வார்டுக்கு ஒரு கணக்கு டீச்சர் வந்து சேர்ந்தார். நாற்பதைத் தொடப்போகிற வயது, கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அம்மாவோடு இருப்பவர். விதவிதமான மாத்திரை கொடுத்தும் மாதாமாதம் வலிப்பு வந்துகொண்டேதான் இருந்தது. ஆபரேஷன் செய்தால் சரியாகுமா என்று பார்க்கத்தான் சேர்த்திருந்தார்கள். பார்த்தால், மூளையின் இரண்டு பக்கத்திலிருந்தும் மாறி மாறிக் கிளம்புகிறது. கத்தி வைக்க வழியே இல்லை. அதைச் சொல்வதற்காக டாக்டரம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வயர் அண்ணன் தலைக்கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார். டீச்சர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரி, விடுங்க டாக்டர்" என்றார்.

டாக்டரம்மாவுக்குச் சுருக்கென்று வந்தது. "விடறதுக்கா இத்தனை நாளா உங்க தலையில பசையைத் தடவி வச்சிருக்கேன்? உங்களுக்கு என்ன வேணும், அதைச் சொல்லுங்க முதல்ல."

"கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கிட்டுக் குளிக்கணும்" என்றார் டீச்சர்.

ஓரமாக உட்கார்ந்திருந்த அவர் அம்மா தலையைக் குனிந்துகொண்டார். விஷயம் இதுதான். பல வருஷத்துக்கு முன்னால் டீச்சர் குளியலறையில் வெந்நீர்க் குழாயைத் திறந்தபடியே வலிப்பு வந்து விழுந்திருக்கிறார். உள்ளே தாழ்ப்பாள். அம்மா கத்தி, அக்கம்பக்கம் ஓடிவந்து கதவை உடைப்பதற்குள் தோளும் முதுகும் வெந்துபோயிற்று. அன்றைக்கே அம்மா திருப்புளியை எடுத்துத் தாழ்ப்பாளைக் கழற்றி எறிந்துவிட்டார். அது முதல் மகள் குளிக்கும்போதெல்லாம் அம்மா கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார். "இருக்கியாடி?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். உள்ளேயிருந்து "இருக்கேம்மா, இருக்கேன்" என்று பதில் வந்துகொண்டே இருக்க வேண்டும். பதில் வர ஒரு நொடி பிந்தினால் கதவு திறந்துவிடும்.

"அம்மாவைக் குத்தம் சொல்லல டாக்டர்" என்றார் டீச்சர். "அவங்க இல்லன்னா நான் எப்பவோ போய்ச் சேந்திருப்பேன். ஆனா ஒரு மனுஷி சோப்பு போடறப்பகூடப் பதில் சொல்லிக்கிட்டே இருக்கணும்னா, என்ன வாழ்க்கை சொல்லுங்க?"

டாக்டரம்மா எழுந்து நின்றார். "நீங்க தாழ்ப்பாள் போட்டுக் குளிப்பீங்க. நான் சொல்றேன்" என்றார்.

சொல்லிவிட்டார். வார்டுக்கு வெளியே வந்ததும் வயர் அண்ணன் பின்னாலேயே ஓடிவந்தார். "வாக்குக் குடுக்கறதுக்கு முன்னாடி என் மூஞ்சியை ஒரு தடவை பாத்திருக்கக் கூடாதா டாக்டரம்மா? நான் கண்ணைக் காட்டிக்கிட்டே இருந்தேன்." "உங்க கண்ணைப் பாத்துக்கிட்டிருந்தா நான் ஒரு வேலையும் செஞ்சிருக்க முடியாதுண்ணே" என்று நடையைக் கட்டினார் டாக்டரம்மா.

அதற்கப்புறம்தான் குருவி வந்து சேர்ந்தார். கம்ப்யூட்டர் பொறியாளர். உடம்பும் குருவி, பேச்சும் குருவி. ஆஸ்பத்திரியில் வருஷக்கணக்காகச் சேர்ந்து கிடந்த கோடுகளையெல்லாம் கம்ப்யூட்டருக்குக் காட்டிப் பழக்கினால் அது மனிதக் கண்ணுக்குப் படாத ஜாடையைக்கூடப் பிடித்துவிடும் என்றார். "அதுக்கு ரெண்டு மூட்டை வேணும் டாக்டர். வலிப்புக்குக் கொஞ்சம் முன்னாடி எடுத்த கோடெல்லாம் ஒரு மூட்டை, வலிப்பே இல்லாத அமைதியான கோடெல்லாம் ஒரு மூட்டை. வித்தியாசத்தை அதுவே கண்டுபிடிச்சுக்கும்." அமைதியான கோடு எங்கே கிடைக்கும்? "முதல் நாள் பதிவை எடுத்துக்குங்க தம்பி. அன்னிக்குத்தான் ஒருத்தருக்கும் ஒண்ணும் வராது, சுத்தமா இருக்கும்" என்று டாக்டரம்மாவே எடுத்துக் கொடுத்தார்.

வார்டு வேலையை முடித்துவிட்டு, மதியத்துக்கு மேல் குருவியும் அவரும் அந்த ஜன்னல் இல்லாத அறையில் உட்கார்ந்தால், வீட்டுக்காரர் போன் செய்த பிறகுதான் எழுந்திருப்பார்கள். வீட்டுக்காரர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். "ஏம்மா, எல்லாருடைய மூளையையும் பாக்கறியே, வீட்டுல ஒருத்தன் பட்டினியா இருக்கறது எந்தக் கோட்டுலயும் தெரியலையா?" என்பார். சாப்பாட்டைச் சுடவைத்துக் கொடுப்பவரும் அவர்தான்.

சில வருஷம் போயிற்று. ஒருநாள் குருவி நாற்காலியிலிருந்து துள்ளிக் குதித்தார். கம்ப்யூட்டர் பத்துக்கு ஒன்பது தடவை சரியாகச் சொல்லிவிட்டது! வலிப்பு வருவதற்கு ரொம்ப முன்னாலேயே திரையில் சிவப்பு விளக்கு. ஆஸ்பத்திரிக்குத் தலைகால் புரியவில்லை. துறைத் தலைவர் டாக்டரம்மாவைத் தோளில் தூக்கிவைத்து ஆடாத குறைதான். பெரிய மருத்துவ இதழ் ஒன்று கட்டுரையை ஏற்றுக்கொண்டது. பெரிய மாநாடு ஒன்றில் பேசக் கூப்பிட்டார்கள். பேப்பரில் படம் வந்தது. கண்ணாடிக் கடைக்குக் கண் சோதிக்க வந்தவர்களையெல்லாம் வீட்டுக்காரர் அந்தப் பேப்பரைத்தான் வாசிக்கச் சொன்னார். ஜோசியம் என்று கேலி செய்த டாக்டர்கள் இப்போது எழுந்து நாற்காலி கொடுத்தார்கள். பெருமையாக இல்லாமல் எப்படி இருக்கும்? இவருக்கும் பெருமைதான். நிமிர்ந்து நடந்தார்.

கணக்கு டீச்சரும் பேப்பரைப் பார்த்துவிட்டு வந்தார். பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். பித்தளைத் தாழ்ப்பாள், ஆணிகளோடு. "நல்லதாவே பாத்து வாங்கிட்டேன் டாக்டர். நீங்க எப்ப சரின்னு சொல்றீங்களோ, அன்னிக்கு மாட்டிடுவேன்." டாக்டரம்மா தாழ்ப்பாளை வாங்கி முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்ச நாள்" என்றார்.

மாநாட்டுக்குக் கொஞ்ச நாள் முன்னால்தான் அது நடந்தது. வார்டில் ஒரு லாரி டிரைவர் சேர்ந்திருந்தார். வழக்கப்படி முதல் நாள் முழு மாத்திரை; திரையில் விளக்கு பச்சை. அடுத்த நாள் குறைத்தார்கள், விளக்கு சிவப்பாயிற்று. எல்லோரும் தயாராகக் காத்திருந்தார்கள். ஒன்றும் வரவில்லை. மறுநாளும் சிவப்பு, அதற்கு மறுநாளும் சிவப்பு. டிரைவர் பாட்டுக்கு ஆரஞ்சுப்பழம் உரித்துச் சாப்பிட்டுக்கொண்டு, நர்ஸிடம் லாரிக் கதை அளந்துகொண்டிருந்தார். கடைசியில், இனிக் காத்திருந்து பிரயோசனம் இல்லை, மாத்திரையைத் திரும்பக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்று முடிவாயிற்று. காலையில் முழு மாத்திரை கொடுத்தார்கள். டாக்டரம்மா திரையைப் பார்த்துக்கொண்டே நின்றார். மதியத்துக்குள் விளக்கு பச்சையாகிவிட்டது.

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "தம்பி" என்றார் குருவியிடம். "இது வலிப்பைப் பாக்கலை. மாத்திரையைப் பாக்குது."

குருவிக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் முகத்தில் ஈயாடவில்லை. மாத்திரை மூளையின் கோட்டையும் லேசாக மாற்றும். இது எந்த நரம்பியல் டாக்டருக்கும் தெரிந்த பாடம். அமைதியான கோடெல்லாம் முதல் நாள் எடுத்தது, முழு மாத்திரையில். வலிப்புக்கு முந்தைய கோடெல்லாம் மாத்திரையைக் குறைத்த பிறகு எடுத்தது. கம்ப்யூட்டர் தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்திருக்கிறது: இரண்டு மூட்டைக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டார்கள், அது கண்டுபிடித்துவிட்டது. வீட்டில் தினமும் மாத்திரை போட்டுக்கொள்கிற ஒருவர் தலையில் இதை மாட்டினால், என்றைக்குமே பச்சைதான் காட்டும். வலிப்பு வந்து விழுகிற நிமிஷத்திலும் பச்சைதான். மாத்திரையைக் குறைப்பது அந்த வார்டில் மூச்சு விடுவது போல ஆகிப்போனதால், அத்தனை பேரில் ஒருவருக்கும் அது உறைக்கவில்லை. முதல் நாள் பதிவை எடுத்துக்கொள்ளச் சொன்னதும் வேறு யாருமில்லை.

துறைத் தலைவர் அறைக் கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். "நீங்க சொல்றது சரியாவே இருக்கட்டும். யாரும் கண்டுபிடிக்கலை இல்ல? மாநாடு முடியட்டும். அடுத்த கட்டுரையில பக்குவமாத் திருத்திக்கலாம். இப்ப போய் நாமளே நம்ம தலையில மண்ணை வாரிப் போட்டுக்கணுமா?"

"டீச்சர் தாழ்ப்பாள் வாங்கி வச்சிருக்காங்க சார்" என்றார் டாக்டரம்மா.

"என்ன தாழ்ப்பாள்?"

"பித்தளைத் தாழ்ப்பாள். நான் சரின்னு சொன்னா மாட்டிடுவாங்க. உள்ள போய் விழுவாங்க. விளக்கு பச்சையா எரிஞ்சுக்கிட்டிருக்கும். அப்புறம் என் கட்டுரையை வச்சு நான் என்ன சார் செய்யறது?"

அன்றைக்கே இதழுக்கு எழுதிக் கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கொண்டார். மாநாட்டுக்கும் போனார். நிறைந்த சபையில் மேடை ஏறி, "நான் கண்டுபிடிச்சதா நினைச்சது தப்பு. எப்படித் தப்பாச்சுன்னு சொல்லத்தான் வந்தேன், நீங்களும் இதே குழியில விழாம இருக்கணும்" என்று ஆரம்பித்து, ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். கை தட்டினவர்களும் உண்டு, வாயைப் பொத்திச் சிரித்தவர்களும் உண்டு. ஆனால் பேசி முடித்து இறங்கியதும், வேறு ஆஸ்பத்திரிகளிலிருந்து வந்தவர்கள் சிலர் முகம் வெளுத்துப்போய் அவரைச் சுற்றிக்கொண்டார்கள். "எங்க அமைதி மூட்டையும் முதல் நாள்ல எடுத்ததுதான் டாக்டர்." வயர் அண்ணன் ஊரில் இருந்தபடி அதைக் கேள்விப்பட்டு, ஆஸ்பத்திரி முழுக்கச் சொல்லிவிட்டார். "எங்க டாக்டரம்மா தப்புப் பண்ணினாலும் நாலு பேருக்கு உபயோகமாத்தான் பண்ணுவாங்க" என்று அவருக்குப் பெருமை.

சபையில் சொல்வது சுலபமாக இருந்தது. டீச்சர் வீட்டுப் படி ஏறுவதுதான் கஷ்டமாக இருந்தது. மாடி வீடு, குறுகலான கூடம், கூடத்து ஓரத்தில் குளியலறைக் கதவு, அதற்கு முன்னால் அந்த நாற்காலி. டாக்டரம்மா சுற்றி வளைக்காமல் சொன்னார். "தாழ்ப்பாளை மாட்டாதீங்க டீச்சர். நான் தப்பாச் சொல்லிட்டேன்."

டீச்சர் கோபப்பட்டார். நன்றாகவே கோபப்பட்டார். "அப்ப எதுக்கு டாக்டர் அவ்வளவு அடிச்சுச் சொன்னீங்க? ஒரு பொண்ணுக்கு ஆசை காட்டிட்டு இப்ப வந்து தப்புன்னா? எப்ப வரும், எப்ப வரும்னு தேடறீங்களே, அது வர்ற நேரத்தைத் தெரிஞ்சுக்கிட்டு நான் என்ன பண்ணப் போறேன்? உக்காந்து பயந்துக்கிட்டிருக்கவா? அதைத்தான் தினமும் பண்றேனே! எனக்கு அது வராத நேரம் வேணும். அரை மணி நேரம். கண்டிப்பா வராதுன்னு ஒரு அரை மணி நேரம். அதைக் குடுக்க முடியுமா உங்களால?"

படி இறங்கும்போது டாக்டரம்மாவுக்குக் கோபம் கோபமாக வந்தது, முழுக்கத் தன் மேல்தான். இத்தனை வருஷமாகக் கேள்வியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறார். மறுநாள் காலை குருவியைக் கூப்பிட்டு, "இனிமே சிவப்பு விளக்கே வேண்டாம் தம்பி. பச்சை மட்டும் போதும். பச்சை வந்தா வலிப்பு வரவே கூடாது. சந்தேகமா இருந்தா விளக்கே எரிய வேண்டாம்" என்றார்.

முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். வார்டுக் கோடு எதுவும் வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டு, காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் வைக்கிற ஒரு சின்னக் கருவியை, சம்மதித்தவர்களுக்கெல்லாம் வைத்தார்கள். அவர்கள் பாட்டுக்கு வீட்டில் இருப்பார்கள், மாத்திரை போடுவார்கள், வேலைக்குப் போவார்கள்; கருவி மாதக்கணக்கில் கோடு எழுதிக்கொண்டிருக்கும். பச்சை விளக்கு அவர்கள் போனிலும் டாக்டரம்மா போனிலும் எரியும். டீச்சர்தான் முதல் ஆளாக வந்து காதைக் காட்டினார். கோபம் தீரவில்லை, ஆனாலும் வந்தார். "கணக்கு டீச்சர் நான். பாதியில விட்ட கணக்கைப் பாத்தா எனக்குத் தூக்கம் வராது" என்றார்.

மெல்ல மெல்ல ஒன்று தெரிந்தது. வலிப்பு நினைத்த நேரத்தில் வந்து கதவைத் தட்டுகிற விருந்தாளி இல்லை. ஒவ்வொருவர் மூளைக்கும் ஒரு ஏற்றஇறக்கம் இருந்தது. சில நாள் உள்ளுக்குள் கொதிநிலை ஏறிக்கொண்டே போகும், அப்புறம் அடங்கும். அடங்கியிருக்கிற நாட்களில், அதுவும் சில மணி நேரங்களில், வலிப்பு வருவது அரிதினும் அரிது. ஆளுக்கு ஆள் கணக்கு வேறு. சிலருக்குப் பச்சை விளக்கு எரியவே இல்லை. அவர்களிடம் டாக்டரம்மா நேராகவே சொல்லிவிட்டார், "உங்களுக்கு இது உதவாது, சும்மா நம்பிக்கிட்டு இருக்காதீங்க" என்று. டீச்சருக்கு எரிந்தது. எரிந்த நேரத்தில் வலிப்பு வந்ததே இல்லை. ஒரு வருஷம் பார்த்தார்கள். இன்னும் ஒரு வருஷம் பார்க்கலாம் என்றார் டாக்டரம்மா. குருவி தலையில் அடித்துக்கொண்டார், ஆனாலும் பார்த்தார்கள்.

புதிய கட்டுரை ஒரு சின்ன இதழில், ஆர்ப்பாட்டமே இல்லாமல் வந்தது. பேப்பரில் படம் வரவில்லை. துறைத் தலைவர் படித்துவிட்டு, "இவ்வளவுதானா?" என்றார். "இவ்வளவேதான் சார். ஆனா இதுல ஒரு வரியையும் யாராலயும் அசைக்க முடியாது" என்றார் டாக்டரம்மா. கண்ணாடிக் கடையில் அந்தக் கட்டுரையைச் சட்டம் போட்டு மாட்டிவிட்டார் வீட்டுக்காரர். வந்தவர்கள் யாருக்கும் ஒரு எழுத்தும் புரியவில்லை. அதனாலென்ன, பெருமைக்கு என்ன குறைச்சல்!

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, டீச்சரிடமிருந்து போன். "விளக்கு பச்சை டாக்டர். தச்சர் வந்து மாட்டிட்டுப் போயிட்டார். நீங்க வரணும்." டாக்டரம்மா கையோடு கிளம்பினார். போனதும் தாழ்ப்பாளைச் சோதித்தார். தேவைப்பட்டால் வெளியிலிருந்தும் திறக்கிற மாதிரி தச்சர் ஒரு துளை வைத்திருந்தார். வெந்நீர்க் குழாயை அடைத்தாயிற்று. உள்ளே உட்கார்ந்து குளிக்க ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. எல்லாம் சரி. டீச்சர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். அம்மா பழக்க தோஷத்தில் தன் நாற்காலியைக் கதவுக்குப் பக்கத்தில் இழுத்தார். டாக்டரம்மாவும் இன்னொரு நாற்காலியைத் தேடினார்.

டீச்சர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டு பேரும் கதவு வாசல்ல காவல் இருக்கப் போறீங்களா? அப்புறம் எதுக்கு எனக்குத் தாழ்ப்பாள்? கிளம்புங்க. தெரு முனை வரைக்கும் நடந்துட்டு வாங்க."

அம்மா டாக்டரம்மாவைப் பார்த்தார். இப்போது எல்லாம் அந்த ஒரு பதிலில்தான் இருந்தது. இத்தனை வருஷ உழைப்பின் மேல் நம்பிக்கை இருந்தால் போக வேண்டும். இல்லையென்றால் இந்த நிமிஷமே தாழ்ப்பாளைக் கழற்றிவிட வேண்டும். டாக்டரம்மா கையிலிருந்த போனில் விளக்கைப் பார்த்தார். பச்சை.

"வாங்கம்மா, போவோம்" என்றார்.

பின்னால் தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது. படி இறங்கும்போது அம்மா டாக்டரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். பிடி வலித்தது. தெருவில் இரண்டு கடை தாண்டினார்கள். "பச்சையாத்தானே இருக்கு?" என்றார் அம்மா. "பச்சைதாம்மா." இன்னும் ஒரு கடை தாண்டினார்கள். "இப்ப?" "பச்சைதான்." தெரு முனையில் நின்றார்கள். பஸ் ஒன்று போயிற்று. அம்மா டாக்டரம்மாவின் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"உங்களுக்கும் பயமா இருக்கா டாக்டர்?"

"ரொம்ப" என்றார் டாக்டரம்மா.

"அப்பாடா" என்றார் அம்மா. "எனக்கு மட்டும்தான்னு நினைச்சேன்."

திரும்பும்போது இருவரும் கொஞ்சம் வேகமாகவே நடந்தார்கள். வீட்டுக்குப் பக்கவாட்டுச் சந்தில் மாடிக் குளியலறையின் சின்ன ஜன்னல் திறந்திருந்தது. தண்ணீர் விழுகிற சத்தம். அதற்கு மேலே இன்னொரு சத்தம். அம்மா சட்டென்று நின்றுவிட்டார்.

உள்ளே டீச்சர் பாடிக்கொண்டிருந்தார். மெதுவாக முணுமுணுக்கவில்லை, தெருவுக்கே கேட்கிற மாதிரி, தொண்டையைத் திறந்து, வரி மறந்த இடத்திலெல்லாம் இஷ்டத்துக்கு எதையோ போட்டு நிரப்பிப் பாடிக்கொண்டிருந்தார்.

"இது எங்க பொண்ணா?" என்றார் அம்மா. "இவ பாடுவாளா? இத்தனை வருஷமா அந்தக் கதவுக்கு வெளியதானே உக்காந்திருக்கேன், ஒரு நாளும் ஒரு வரி பாடினதில்லையே டாக்டர். எனக்குத் தெரியவே தெரியாதே."

டாக்டரம்மாவுக்கு நெஞ்சு நிறைந்து கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது. அதைக் காட்டிக்கொள்ளாமல், "எப்படிம்மா, நல்லாப் பாடறாங்களா?" என்று கேட்டார்.

அம்மா தலையைச் சாய்த்து, புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே, நிதானமாகக் கேட்டார்.

"சகிக்கலை டாக்டர்" என்றார், பெருமை தாங்காமல். அப்புறமும் அந்த ஜன்னலுக்குக் கீழேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.